டிஸ்க்கின் நான்கு எண்களும் ஆட்டக்காரரின் ரேட்டிங்கும்: அனுபவப் பகிர்வு

புதுக்கை:

டிஸ்க்கை (வீசும் தட்டை) இயன்றவரை குறைந்த வீச்சுகளில் கூடையில் சேர்க்கும் டிஸ்க் கோல்ஃப் விளையாட்டை ஆடத் தொடங்கிச் சில மாதங்களே ஆகின்றன. வலக்கையால் பேக்ஹேண்ட் (கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசும் முறை) மட்டுமே வீசுகிறேன். அண்மையில் உடன் ஆடிய ஒருவரோடு டிஸ்க்குகளை மாற்றி மாற்றி வீசிப் பார்த்தபோது ஒன்று எனக்கு விளங்கவில்லை. என்னிடம் இருப்பது இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர்; அதன் எண்கள் 12, 5, -1, 3. அவரிடம் இருந்தது அதே நிறுவனத்தின் லெப்பர்டு. அதன் எண்கள் 6, 5, -2, 1. ஸ்பீடு என்னும் முதல் எண் இருமடங்காக இருப்பதால் டெஸ்ட்ராயர்தான் தொலைவு போகும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அது ஒவ்வொரு முறையும் கொஞ்ச தூரத்திலேயே இடப்பக்கம் சரிந்து விழுந்தது. லெப்பர்டோ ஏறக்குறைய நேராகச் சென்று அதையும் தாண்டி இறங்கியது. அப்படியானால் இந்த எண்கள் எதைத்தான் அளக்கின்றன?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். போட்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தபோது, அங்கிருந்தவர்கள் ‘அவர் 920’, ‘இவர் ஆயிரத்தைத் தாண்டியவர்’ என்று பேசிக்கொண்டார்கள். ஆட்டக்காரர்களுக்குத் தரப்படும் இந்த ரேட்டிங் எப்படிக் கணக்கிடப்படுகிறது? உங்களுக்கு இவை எந்தச் சந்தர்ப்பத்தில் தெளிவாயின என்பதையும் சேர்த்து எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

நீள்வீச்சு:

நண்பருக்கு வணக்கம். முதல் எண்ணைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஸ்பீடு என்பது டிஸ்க் தானாகப் பறக்கும் வேகம் அன்று. மற்ற மூன்று எண்களும் மெய்யாக வேண்டுமானால் அந்த டிஸ்க்கை எவ்வளவு வேகமாக வீச வேண்டும் என்பதையே அது சொல்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் இது புலப்படும்: கூடைக்கு அருகில் வீசும் பட்டரின் விளிம்பு குறுகியது, நெடுந்தூரம் வீசுவதற்கான டிஸ்டன்ஸ் டிரைவரின் விளிம்பு அகலமானது, கூர்மையானது. கூர்மையான அகல விளிம்பு காற்றைக் குறைந்த தடையோடு கிழித்துச் செல்லும். ஆனால் அதற்குரிய வேகம் கிடைக்காவிட்டால் அது முன்கூட்டியே சரிந்துவிடும். கிளைடு என்பது காற்றில் மிதந்து நிற்கும் திறன். டர்ன் என்பது வேகம் மிகுந்திருக்கும் தொடக்கப் பகுதியில் டிஸ்க் வலப்பக்கம் சாயும் அளவு. எண் எதிர்மறையில் கூடக் கூடச் சாய்வும் கூடும். ஃபேட் என்பது வேகம் தணிந்த பிறகு இடப்பக்கம் வளையும் அளவு. உங்கள் டெஸ்ட்ராயரில் -1 என்ற டர்ன் வெளிப்படும் அளவுக்கு வேகம் பிறக்கவில்லை. ஆகவே அந்தக் கட்டமே இல்லாமல், நேரடியாக 3 என்ற ஃபேட் மட்டும் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

நான் ஆடத் தொடங்கிய குழுவில் மூத்த அம்மையார் ஒருவர் இருந்தார். புதிதாக வருபவர் எந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தாலும், முதலில் தம்முடைய ஏவியார் பட்டரைக் கொடுத்து வீசச் சொல்வார். அதன் எண்கள் 2, 3, 0, 1. மெதுவாக வீசினாலும் பெரும்பாலும் நேராகப் போக வேண்டிய டிஸ்க். அதுவே இடப்பக்கம் கடுமையாக வளைந்தால், கோளாறு டிஸ்க்கில் இல்லை, வீசும்போது டிஸ்க்கின் முன்விளிம்பு மேல்நோக்கித் தூக்கியிருக்கிறது என்று அவர் உடனே சொல்லிவிடுவார். பட்டர் நேராகப் போய் டிரைவர் மட்டும் வளைந்தால், கை வேகம் இன்னும் அந்த டிரைவருக்குப் போதவில்லை என்று பொருள். இதைவிட எளிய சோதனையை நான் இன்றுவரை கண்டதில்லை. லெப்பர்டு போன்ற, டிஸ்டன்ஸ் டிரைவரைவிட ஸ்பீடு குறைந்த ஃபேர்வே டிரைவர் ஒன்றைத் தொண்ணூறு மீட்டர் அளவுக்குச் சிரமமின்றி வீச முடிகிற வரையில், ஸ்பீடு 9-க்கு மேற்பட்ட டிஸ்க் பைக்குப் பாரம் மட்டுமே என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இங்கே இருக்கக்கூடும்.

இடக்கையாளர்:

மேலே ‘வலம்’, ‘இடம்’ என்று வருவதெல்லாம் வலக்கை பேக்ஹேண்டுக்கு உரியவை. என்னைப் போல் இடக்கையால் பேக்ஹேண்ட் வீசுபவர்கள் அனைத்தையும் திருப்பிப் படிக்க வேண்டும். வலக்கையர் ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னோக்க, கையின் அதே பக்கத்திலிருந்து வீசும் முறை) வீசும்போதும் டிஸ்க் எதிர்த்திசையில் சுழல்வதால் அவ்வாறே. தொடக்கத்தில் எனக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகள் எல்லாம் மரத்தின் தவறான பக்கத்திற்கே என்னை அனுப்பின. சொன்னவர்கள் அனைவரும் வலக்கையர்.

காற்றுவழி:

எண்களுக்குப் பின்னால் உள்ள இயற்பியலைக் கொஞ்சம் சொல்கிறேன். டிஸ்க்கைக் காற்று மேலே தூக்கும் விசை சரியாக நடுவில் செயல்படுவதில்லை. டிஸ்க் வேகமாகவும் தட்டையாகவும் செல்லும்போது அந்த விசையின் மையம் நடுப்புள்ளிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அது முன்விளிம்பைக் கீழே அழுத்தப் பார்க்கும். டிஸ்க் மட்டும் சுழலாமல் இருந்தால் அப்படியே தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும். சுழல்வதால், சாய்க்க முயலும் விசைக்கு அது தொண்ணூறு பாகை தள்ளியே பதில் சொல்கிறது. சுழலும் பம்பரம் விழாமல் வட்டமிட்டுச் சாய்வதும் இதே விதியால்தான். மேலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் சுழலும் வலக்கை பேக்ஹேண்டில், முன்பக்கம் அழுத்தப்பட்டால் டிஸ்க் வலப்பக்கம் சாய்கிறது. அதுவே டர்ன். பின்னர் வேகம் குறைந்து டிஸ்க் கீழிறங்கத் தொடங்கும்போது, காற்று அதன் அடிப்பகுதியைக் கூடுதல் கோணத்தில் சந்திக்கிறது. தூக்கும் விசையின் மையம் இப்போது முன்னோக்கி நகர்ந்து முன்விளிம்பை மேலே தள்ளுகிறது. அதற்குப் பதிலாக டிஸ்க் இடப்பக்கம் சாய்கிறது. அதுவே ஃபேட். நண்பர் நீள்வீச்சு குறிப்பிட்ட அம்மையாரின் சோதனை ஏன் பலிக்கிறது என்பதும் இதிலிருந்து விளங்கும்: முன்விளிம்பைத் தூக்கி வீசினால், இரண்டாம் கட்டத்திற்குரிய நிலையை முதல் நொடியிலேயே நாமே உண்டாக்கிவிடுகிறோம்.

எனக்கு இது புத்தியில் உறைத்தது காற்று பலமாக அடித்த ஒரு மாலையில். முன்னிருந்து வீசும் காற்றை எதிர்த்து ‘பஸ்’ (Buzzz) என்ற டிஸ்க்கை வீசினேன். டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் மிட்ரேஞ்ச் (நடுத்தூர) டிஸ்க் அது, எண்கள் 5, 4, -1, 1. வழக்கமாக நேராகப் போகும் அந்த டிஸ்க் வலப்பக்கம் கவிழ்ந்து உருண்டோடியது. உடன் ஆடியவர் அதே இடத்திலிருந்து, ஃபேட் 4 கொண்ட ஃபயர்பேர்டு என்ற டிஸ்க்கை வீசினார். அது பெரும்பகுதி தூரம் நேராகவே சென்றது. டிஸ்க்குக்குத் தெரிவது தரையைச் சார்ந்த வேகம் அன்று, காற்றைச் சார்ந்த வேகம். எதிர்க்காற்றில் அந்த வேகம் கூடுவதால் எல்லா டிஸ்க்குகளும் தம் எண்ணைவிட அண்டர்ஸ்டேபிளாக, அதாவது டர்ன் மிகுந்தவையாக, நடந்துகொள்ளும். பின்னிருந்து காற்று வந்தால் நிலைமை தலைகீழ்: டர்ன் குறையும், ஃபேட் விரைந்து வரும், தூக்கும் விசையும் குறையும். உயரமான மலைப்பகுதிகளில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் அங்கேயும் டர்ன் குறைந்து, டிஸ்க்குகள் வழக்கத்தைவிட ஓவர்ஸ்டேபிளாக, அதாவது ஃபேட் மிகுந்தவையாக, தோன்றும். பின்காற்று புதியவரின் வீச்சை எப்போதும் நீட்டும் என்று நம்பிவிட வேண்டாம். 2016-ஆம் ஆண்டு நெவாடா பாலைவனத்தில் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் வீசியது பலத்த காற்றின் துணையோடுதான். ஆனால் டிஸ்க்கைப் போதிய உயரத்திற்கு ஏற்றி அங்கே நிலைநிறுத்தும் கை அவருடையது.

பழையகூடை:

எண்களை மெய்யென்றே கொண்டாலும், அவற்றை யார் தருகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பிடிஜிஏ எனப்படும் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம், எட் ஹெட்ரிக் 1976-இல் தொடங்கியது, டிஸ்க்கின் உருவ அளவுகளை மட்டுமே சோதித்து ஒப்புதல் தருகிறது: விட்டம் 21 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 200 கிராமைத் தாண்டக் கூடாது, விளிம்பின் அகலம் 2.6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, இன்னும் சில. பறக்கும் எண்களைச் சங்கம் அளப்பதில்லை. அவை அந்தந்த நிறுவனம் தன் டிஸ்க்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரும் எண்கள். நான்கு எண் முறையை இன்னோவா பரப்பியது. பின்னர் மற்ற நிறுவனங்களும் அதே வடிவத்தைப் பின்பற்றின. ஆனால் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் -2 இன்னொரு நிறுவனத்தின் -1 போலப் பறப்பதைக் கண்டு யாரும் வியக்க வேண்டியதில்லை.

ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலுக்குள்ளும் வேறுபாடு உண்டு. என்னிடம் ஒரே பெயர் கொண்ட இரண்டு ஃபேர்வே டிரைவர்கள் இருக்கின்றன. ஒன்று விலை குறைந்த மென்மையான பிளாஸ்டிக்கால் ஆனது. பல பருவங்களாக மரங்களில் மோதி விளிம்பெல்லாம் தேய்ந்தது. மற்றது கடினமான, ஒளி ஊடுருவும் உயர்தரப் பிளாஸ்டிக்கால் ஆனது. முதலாவது இன்று வலப்பக்கம் நீண்டு வளையும். இரண்டாவது வாங்கிய நாளின் குணத்தை இன்னும் விடவில்லை. இரண்டிலும் அச்சிட்டிருப்பது அதே நான்கு எண்கள்தான். கண்ணால் பார்த்தே ஓரளவு கணிக்கவும் முடியும்: விளிம்பின் கூர்முனை தரையிலிருந்து உயரமாக அமைந்திருந்தால் அந்த டிஸ்க் பெரும்பாலும் ஓவர்ஸ்டேபிளாக இருக்கும், தாழ்ந்திருந்தால் அண்டர்ஸ்டேபிளாக இருக்கும். கடையில் ஒரே மாடலின் பல பிரதிகளைச் சமதளத்தில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்க்கும் ஆட்டக்காரர்களைக் கண்டால் சிரிக்காதீர்கள், அவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

எடையையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கை வேகம் குறைந்தவர்களுக்கு 175 கிராம் டிஸ்க்கைவிட 150 முதல் 165 கிராம் வரையுள்ளது எளிதாகப் பறக்கும்; காற்றில் மட்டும் அது அலைக்கழியும்.

மதிப்பெண்தாள்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். போட்டிகளில் மதிப்பெண் பதிவுக்கு உதவுபவன் என்ற முறையில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஆட்டக்காரரின் ரேட்டிங்குக்கும் டிஸ்க்கின் எண்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மைதானத்தின் ‘பார்’ எண்ணுக்கும் (ஒரு சுற்றுக்கு எதிர்பார்க்கப்படும் வீச்சு எண்ணிக்கை) அதில் இடம் இல்லை. பாரைவிடக் குறைத்து ஆடியவர்கள் எதிர்பார்த்த ரேட்டிங் வராதபோது வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். பார் என்பது போட்டி நடத்துபவர் குறிக்கும் எண், ரேட்டிங் கணக்கு அதைப் பார்ப்பதே இல்லை.

ரேட்டிங் கணக்கில், அன்று கூடைகளின் அதே அமைப்பில் ஆடியவர்களுள், ஏற்கெனவே நிலைபெற்ற ரேட்டிங் உள்ளவர்கள் எத்தனை வீச்சுகளில் முடித்தார்கள் என்று முதலில் பார்க்கப்படுகிறது. அதிலிருந்து, 1000 ரேட்டிங் உள்ள ஒருவர் அந்த அமைப்பில் எத்தனை வீச்சுகளில் முடித்திருப்பார் என்று கணிக்கப்படுகிறது. அந்த எண்ணிக்கையில் முடித்தவருக்கு அந்தச் சுற்றின் ரேட்டிங் 1000. கூடுதலான ஒவ்வொரு வீச்சுக்கும் புள்ளிகள் குறையும். நடுத்தர நீளமுள்ள 18 கூடை அமைப்பில் ஒரு வீச்சின் மதிப்பு ஏறத்தாழ 10 புள்ளி. அதாவது 1000 ரேட்டிங்காரர் 50 வீச்சில் முடிக்கக்கூடிய இடத்தில் நீங்கள் 60 வீசினால், உங்கள் சுற்று 900 அளவில் இருக்கும். நீண்ட, கடினமான மைதானத்தில் ஒரு வீச்சின் மதிப்பு இதைவிடக் குறையும். குறுகிய மைதானத்தில் கூடும். உங்கள் சொந்த ரேட்டிங் என்பது, கடைசியாக ஆடிய சுற்றிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு மாதச் சுற்றுகளின் சராசரி. போதிய சுற்றுகள் சேர்ந்த பின், அவற்றுள் அண்மைய கால்பங்கு இருமடங்கு எடையோடு எண்ணப்படும்; சராசரியைவிட 100 புள்ளிக்கு மேல் தாழ்ந்து போன சுற்று கணக்கிலிருந்து நீக்கப்படும்.

இரண்டாம்சுற்று:

இதை ஒட்டியே என் அனுபவம். ஒரு போட்டியில் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அதே அமைப்பில் 58 வீச்சுகளே எடுத்தேன். முதல் நாள் சுற்றுக்கு 871 என்றும் இரண்டாம் நாளுக்கு 894 என்றும் வந்தது. பதிவில் பிழை நேர்ந்துவிட்டதோ என்று நடத்துநரிடம் விசாரித்தேன். அவர் இரண்டு நாட்களின் மொத்தப் பட்டியலையும் காட்டினார்: ஞாயிறன்று காற்று எழுந்ததால் எல்லோருமே சனிக்கிழமையைவிட இரண்டு மூன்று வீச்சுகள் கூடுதலாக எடுத்திருந்தார்கள். என் வீச்சு எண்ணிக்கை மாறவில்லை. என்னோடு ஆடியவர்களுடையது மாறியிருந்தது. மதிப்பெண் பதிவு செய்பவர்களை இவ்விஷயத்தில் சந்தேகிக்கும் புதியவர்கள் முதலில் வானிலையைப் பார்க்கட்டும்.

புதுக்கை:

அனைவருக்கும் நன்றி. ஏவியார் ஒன்றை இரவல் வாங்கி வீசிப் பார்த்தேன். அதுவும் ஓரளவு இடப்பக்கமே வளைந்தது. கைப்பிடியைத் தாழ்த்தி, முன்விளிம்பு தூக்காமல் பார்த்துக்கொண்டபோது வளைவு வெகுவாகக் குறைந்தது. டெஸ்ட்ராயரை இப்போதைக்கு எடுத்து வைத்துவிட்டேன். இன்னும் ரேட்டிங் இல்லாத நான் முதல் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது எந்தப் பிரிவில் சேர வேண்டும்?

மதிப்பெண்தாள்:

அமெச்சூர் பிரிவுகளில் எம்ஏ4 என்பது 850-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு, எம்ஏ3 900-க்குக் கீழ், எம்ஏ2 935-க்குக் கீழ். எம்ஏ1-இல் அந்த வரம்புகளுக்கு மேற்பட்டவர்கள் ஆடுவார்கள். இவை மேல்வரம்புகள் மட்டுமே. 820 உள்ளவர் விரும்பினால் எம்ஏ3-இலும் ஆடலாம், 910 உள்ளவர் எம்ஏ3-க்கு இறங்கத்தான் முடியாது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், போட்டியில் எம்ஏ4 இருந்தால் அதிலும் இல்லையென்றால் எம்ஏ3-இலும் பெயர் கொடுங்கள். ரேட்டிங் உங்கள் பெயரில் வெளியாக வேண்டுமானால் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். பட்டியல் மாதம் ஒருமுறை புதுப்பிக்கப்படும் என்பதால், போட்டி முடிந்த மறுநாளே தேடிப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.