சேலம் கருப்புக் குட்டிகளின் எடை: தாயின் பங்கை எப்படிப் பிரிப்பது?

வணக்கம். பென்னாகரம் பக்கம் மேய்ச்சலில் வளரும் சேலம் கருப்பு ஆடுகளின் எடைப் பதிவு என்னிடம் இருக்கிறது. பிறந்த அன்று, 3, 6, 12 மாதம் என ஒவ்வொரு குட்டியையும் சாக்கில் போட்டுத் தொங்கு தராசில் நிறுத்தது. (துள்ளுகிற குட்டியை நிறுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.)

மரபுக் கணக்குப் போடும் வோம்பேட் (WOMBAT) மென்பொருளில் அனிமல் மாடல் (வம்சாவளியை வைத்து ஒவ்வொரு ஆட்டின் மரபுத் தரத்தையும் மதிப்பிடும் முறை) ஓட்டுகிறேன். பிறந்த ஆண்டு, பருவம், கிடாவா பெட்டையா, ஒற்றையா இரட்டையா, எல்லாம் சேர்த்தாயிற்று. தாய் விளைவை, அதாவது குட்டியின் எடையில் தாயால் வரும் பங்கை, விட்டுவிட்டால் 3 மாத எடையின் மரபுவழித்திறன் (எடை வேறுபாட்டில் மரபணுவால் வரும் பங்கு) கண்டபடி ஏறுகிறது. தாய்ப்பாலில் வந்த எடையெல்லாம் குட்டியின் மரபணுக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சேர்த்தாலோ, நேரடி மரபு விளைவுக்கும் (குட்டியின் சொந்த மரபணு) தாய்வழி மரபு விளைவுக்கும் (குட்டியை வளர்க்கும் திறனுக்கான தாயின் மரபணு) ஒட்டுறவு (correlation) மைனஸ் 0.9! நம்பும்படியாக இல்லை. பாதித் தாய்கள் போச்சம்பள்ளி சந்தையில் வாங்கியவை, அவற்றின் குட்டிக்கால எடையும் இல்லை, வம்சாவளியும் இல்லை. வினை அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஒட்டுறவைப் பூஜ்யமாக வைத்து, தாயின் நிரந்தரச் சூழல் விளைவை (மரபணு சாராமல், ஒரே தாயின் எல்லா ஈற்றிலும் தொடரும் பங்கு) மட்டும் சேர்த்து, லாக் லைக்லிஹுட்டை (மாடல் தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) ஒப்பிட்டு முடிவெடுக்கலாமா? எல்லா வயது எடையையும் ஒரே வளர்ச்சிக் கோடாகப் பார்க்கும் ரேண்டம் ரிக்ரெஷனுக்குப் போகச் சொல்கிறார் நண்பர். மொத்தமே 400 குட்டி, 9 கிடா, தாங்குமா?

இதே சிக்கலில் மாட்டி மீண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க. அடுத்த இனச்சேர்க்கைக்குள் கிடா பொறுக்கியாக வேண்டும்.