சின்பி: காய்ந்த ஆரஞ்சுத் தோலோடு உங்கள் அனுபவம்

டோக்கியோவாசி:
டோக்கியோவின் அசகுசா பகுதியில் யாகென்போரி கடைக்குப் போய்வந்தேன். 1625-இல் தொடங்கிய கடை. சோபா, உதோன் நூடுல்ஸ் மேல் தூவும் ஷிச்சிமி என்ற ஏழு பொருள் கலந்த காரப் பொடியை நாம் கேட்கிற காரத்துக்கு ஏற்ப, கண் முன்னாலேயே கலந்து தருகிறார்கள். வறுத்த மிளகாய், வறுக்காத மிளகாய், சான்ஷோ என்ற ஜப்பானிய மிளகு, கறுப்பு எள், கசகசா, சணல் விதை, இவற்றோடு சின்பி. மிகான் ஆரஞ்சின் தோலைக் காயவைத்தால் அதுதான் சின்பி. காரம் கம்மியாகக் கேட்டு வாங்கினேன்.

அன்று இரவே சூடான சோபாவில் தூவினேன். ஆவியோடு முதலில் மூக்குக்கு வந்தது மிளகாய் இல்லை, அந்தத் தோல்தான். காரம் பிறகு வந்தது. விழுங்கின பின் அடிநாக்கில் லேசாக ஒரு கசப்பு. அந்தக் கசப்புக்காகவே குழம்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். சின்பி இல்லாத ஷிச்சிமி எனக்கு இனி ருசிக்காது.

கியோத்தோ மாணவன்:
அண்ணா, இங்கே கியோமிசு கோயிலுக்கு ஏறும் வழியில் இருக்கும் ஷிச்சிமியா கடைக் கலவையில் சின்பியே கிடையாது. பச்சை ஷிசோ இலை, ஆவோநோரி கடற்பாசி, இரண்டு வகை எள் எல்லாம் சேர்க்கிறார்கள். சான்ஷோ தூக்கலாக இருக்கும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. நாகானோவில் ஜென்கோஜி கோயில் பக்கம் யாவதாயா இசோகோரோ கடையில் சின்பி உண்டு, கூடவே இஞ்சியும். அதையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

வாகயாமா அக்கா:
தம்பிகளா, எங்கள் அரிதா பக்கம் குளிர்காலம் வந்தால் மலைச்சரிவெல்லாம் மிகான்தான். தோலை யாரும் தூக்கிப் போடுவதில்லை. என் மாமியார் பழத்தை நன்றாகக் கழுவித் துடைத்து உரிப்பார். தோலை மூங்கில் தட்டில் பரப்பி வெயிலில் வைப்பார். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். வளைத்தால் மடங்காமல் படக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைப்போம். மருந்துக்கு என்றால் பழைய தோலுக்குத்தான் மதிப்பு.

ஹோஜிச்சா என்ற வறுத்த இலைத் தேநீர் போடும்போது ஒரு துண்டைக் கிள்ளி இலையோடு போட்டு வெந்நீர் ஊற்றுங்கள். வறுத்த இலை வாசமும் தோல் வாசமும் அப்படிச் சேரும்! ரொம்ப நேரம் ஊறவிடாதீர்கள், கசந்துவிடும். புத்தாண்டுக் காலையில் குடிக்கும் தோசோ என்ற மசாலா மதுவிலும் இது உண்டு. சின்பி, சான்ஷோ, பட்டை எல்லாம் கட்டிய சிறு பொட்டலத்தை முந்தின இரவே சாக்கே என்ற அரிசி மதுவிலும், மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவிலும் ஊறப்போடுவோம். மிஞ்சின தோலைத் துணிப்பையில் கட்டிக் குளியல் தொட்டி வெந்நீரில் போடுவது இங்கே பழைய வழக்கம்.

டோக்கியோவாசி:
அக்கா, ஹோஜிச்சாவை இன்றைக்கே போட்டுப் பார்க்கிறேன். கடையில் வாங்கும் பழத்துக்கு மெழுகு பூசியிருந்தால் அந்தத் தோலை எடுக்கலாமா?

வாகயாமா அக்கா:
வேண்டாம் தம்பி. மெழுகு பூசாத, மருந்து அடிக்காத பழமாகக் கேட்டு வாங்குங்கள்.