தகவல் உரிமைச் சட்டத்தில் முதல் மேல்முறையீடு எழுதிப் பழக்கம் உள்ளவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கியிருக்கிறோம். எல்லாரும் கல்லூரியில் படிப்பவர்கள். போன வருடம் கட்டிய மழைநீர் வடிகால் அதற்குள் வாய் பிளந்துவிட்டது. விளிம்பைக் கையால் தேய்த்தால் சிமென்ட் மாவு மாதிரி உதிர்கிறது. உடைந்த இடத்தில் கம்பியே தெரியவில்லை.

கமிஷன் போக மிச்சத்தில் கட்டியது என்று தெருவில் பேசுகிறார்கள். பேச்சு போதாது, ஆதாரம் வேண்டும். அதனால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்பந்த மதிப்பையும் எம் புக் (செய்த வேலையை அளந்து எழுதி வைக்கும் பதிவேடு) நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். 30 நாள் தாண்டியும் பதில் இல்லை. 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு செய்யவும் 30 நாள்தான் கெடு. அதில் 12 நாள் போய்விட்டது.

"நமக்கு எதுக்குடா பொல்லாப்பு" என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அதனால் ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் போகக்கூடாது. எங்கள் வரைவை யாராவது படித்துத் திருத்தித் தருவீர்களா?

அப்புறம், வேலையில் பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்கவும் இதே சட்டத்தில் உரிமை உண்டு. அதை எப்படிக் கேட்பது என்று தெரிந்த சிவில் இன்ஜினியர் அண்ணன், அக்கா யாராவது இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வடிகாலைப் பார்த்துச் சொல்லுங்கள்.