தவறவிட்ட பாடவேளைகளை ஈடுசெய்தால் வரவு கூடுமா? (தரம் 10)

வகுப்பாசிரியை10:
தரம் 10, 34 பிள்ளைகள். முதலாம் தவணை வரவு இடாப்பைக் கூட்டிப் பார்த்ததில் 9 பேர் பள்ளி நடந்த நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வரவில்லை. அரைவாசிப் பேர் காலபோக நெல் அறுவடையோடு தொடர்ந்து வராமல் நின்றவர்கள். மிச்சப் பேர் கிழமைக்கு ஒரு நாள், இரண்டு நாள் என்று நிற்பவர்கள். கலிபோர்னியாவில் விட்ட நாளைப் பிறகு வந்து ஈடுசெய்ய விடுகிறார்களாம். அப்படி இங்கே சனிக்கிழமையில் வைக்கலாமா? பின்னேரம் சரிவராது, 1.45 பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்தரைக்குத்தான். எத்தனை மணித்தியாலத்தை ஒரு நாளாகக் கணக்கெடுப்பது? இடாப்பில் திருத்தலாமா?

இடாப்புக்காரன்:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இடாப்பில் கை வைக்க வேண்டாம், ரீச்சர். வராத நாள் வராத நாள்தான். ஈடுசெய்ததற்குத் தனிக் கொப்பி போடுங்கள்: திகதி, பிள்ளை, பாடம், அலகு, ஆசிரியர் ஒப்பம். இங்கே இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்ற 80 வீத வரவு கேட்கிறார்கள். இப்போதே இடாப்பை இளக்கிப் பழக்கினால் அங்கே போய் மாட்டுப்படுவது பிள்ளைதான்.

கலிபோர்னியாச் சட்டம் 2024 இல் வந்தது, 2025 ஜூலை 1 முதல் நடைமுறை. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆகக்கூடியது 10 நாள். விட்டது அதைவிடக் குறைவென்றால் விட்ட அளவுதான். தகுதிபெற்ற ஆசிரியர் நிற்க வேண்டும், ஓர் ஆசிரியருக்கு 20 பிள்ளைகளுக்கு மேல் கூடாது, பாலர் வகுப்பென்றால் 10. வகுப்பில் போனதற்கு ஈடான பாடம் நடக்க வேண்டும், சும்மா இருத்தி வைப்பது சேராது. பள்ளி தொடங்க முன், விட்ட பின், வார இறுதி, விடுமுறை எல்லாம் சரி. பிள்ளையைக் கட்டாயப்படுத்த முடியாது.

அங்கே நாளை எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளிக்கு மாநிலம் கொடுக்கும் காசே சராசரி தினவரவைப் பார்த்துத்தான் வருகிறது. எங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. எனவே ஆசிரியர் அளவையும் கட்டாயமின்மையையும் எடுங்கள், நாட்கணக்கை அங்கேயே விடுங்கள்.

பாலையடி:
நாட்கணக்குப் பார்த்தால் சனிக்கிழமை ஏன் சரிவராது என்று உடனே தெரியும். 12 நாள் விட்ட பிள்ளைக்கு, நாளுக்கு 8 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்றால் 64 மணித்தியாலம். சனிக்கு மூன்று மணித்தியாலம் வைத்தாலும் 22 சனி வேண்டும். அதோடு சனியில் சிசு செரிய (பள்ளிப் பிள்ளைகளுக்கான) பஸ் ஓடாது, டியூசன்காரர் வேறு இருப்பார்கள். ஞாயிறு அறநெறியும் மறைக்கல்வியும்.

அதனால் பாடவேளையை எண்ணாமல் அந்த நாட்களில் புதிதாகத் தொடங்கிய அலகுகளை மட்டும் எண்ணுங்கள். பாடஆசிரியரின் பாடக்குறிப்பையும் இடாப்பையும் பக்கத்தில் வைத்தால் ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். பயிற்சி செய்த பாடவேளை, மீட்டல், பரீட்சை எல்லாம் கழியும். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றையும் மட்டும் பிடியுங்கள். வரலாற்றையும் சமயத்தையும் சகபிள்ளையின் கொப்பி பார்த்து எழுதலாம். 12 நாளுக்குக் கணிதத்தில் 5, விஞ்ஞானத்தில் 4, ஆங்கிலத்தில் 3 என்று 12 அலகுக்குள் பெரும்பாலும் அடங்கும்.

அவற்றிலும் முன்பின் பாருங்கள். ஆரைச்சிறையின் சுற்றளவைப் பிந்திப் படித்தாலும் அதோடு நிற்கும். ஈருறுப்புக் கோவைகளை விட்டவனுக்கு இருபடிக் கோவைகளின் காரணி வராது, அது வராமல் இருபடிச் சமன்பாட்டில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்படி இருப்பவன்தான் அடுத்த கிழமையும் நிற்பான். வரவு கூட வேண்டுமென்றால் முதலில் இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

நேரம் காலை 7.00 – 7.25. பஸ்ஸில் வரும் பிள்ளைகள் ஏழு மணிக்கே மரத்தடியில் நிற்கிறார்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை கிழமைக்கு நான்கு தரம், ஓர் அலகுக்கு இரண்டு தரம்: 12 அலகும் ஆறு கிழமையில் முடியும். அலகுக்கு ஒரு தாள்: செய்து காட்டிய கணக்கு 2, செய்ய வேண்டியது 6, கடைசியில் தனியே செய்ய 2. அந்த இரண்டும் சரியென்றால் கொப்பியில் ஒப்பம். பிழைத்தால் அடுத்த நாள் அதே மாதிரி வேறு இரண்டு. தாளை ஒருமுறை எழுதி வைத்தால் அடுத்த வருசத்துக்கும் உதவும்.

சைக்கிளில், நடந்து வாற பிள்ளைகளை இருட்டோடு கூப்பிட வேண்டாம். காட்டோரப் பாதையில் அந்த நேரம் யானை நிற்கும். அவர்களுக்கு இடைவேளைக்குப் பிறகு விளையாட்டுப் பாடவேளை ஒன்றை எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது கூடாது, பல பிள்ளைகள் பள்ளிக்கு வருவதே அதற்காகத்தான். ஆசிரியர் வராத பாடவேளைகளைப் பிடியுங்கள், அதற்குக் குறைவில்லை.

குளக்கட்டு:
பாலையடி சேர் சொன்னது கணக்குக்குச் சரி. ஆனா ஈடுசெய்யிற வகுப்பை வைச்சாப்போலை விட்டுவிட்டு நிக்கிற பிள்ளை வராது. வழமையா நடக்கிறது என்னெண்டா, ஒழுங்கா வாற பிள்ளையள் ஓசி டியூசன் எண்டு வந்து முன்வாங்கில இருப்பினம், தேவையானது வராது. ஒன்பது பேரின்ர பெயரை மட்டும் எழுதி வையுங்கோ, வேற ஆளை எடுக்காதேங்கோ. பெயரை வகுப்பில வாசிக்கவும் வேண்டாம்.

பிறகு எந்த நாள் நிக்கினம் எண்டு இடாப்பில கிழமைநாளாப் பிரிச்சுப் பாருங்கோ. திங்களும் வெள்ளியும் கூட எண்டால் பிழை பிள்ளையில இல்லாமலும் இருக்கலாம். வெளிமாவட்டத்தில இருந்து வாற ஆசிரியர்மார் திங்கள் பிந்தி, வெள்ளி முந்தி எண்டால் முதல் மூண்டு பாடவேளை சும்மா. பிள்ளை அதைக் கண்டுபிடிச்சிடும். அதிபரிட்டச் சொல்லி திங்கள் முதல் பாடவேளைக்கு உள்ளூர் ஆசிரியரைப் போடுங்கோ. எந்த ஈடுசெய்யிற வகுப்பையும் விட இது மலிவு.

அறுவடைக்கு நிக்கிற பிள்ளை வயல் வெட்டிறேல்லை, வெட்டுறது மெசின். தாய் தகப்பன் வயலுக்குப் போக, தம்பி தங்கச்சியைப் பாக்கவும் காயப்போட்ட நெல்லைக் காவல் காக்கவும்தான் மறிக்கினம். சின்னதை முன்பள்ளியில விட வழி செய்தால் மூத்தது வரும். இதைக் கேக்க, மூண்டாம் நாளே ஃபோன் எடுங்கோ. "ஏன் வரேல்லை" எண்டு தொடங்காமல் "நாளைக்கு வர என்ன செய்யலாம்" எண்டு கேளுங்கோ. பத்து நாள் கழிச்சுக் கடிதம் போட்டால் பிள்ளை கூலிவேலைக்குப் பழகியிருக்கும்.

வகுப்பாசிரியை10:
நன்றி சேர். திங்கள் கணக்கு நான் பார்க்கவே இல்லை, நாளைக்குப் பிரித்துப் பார்க்கிறேன். ஒரு பிள்ளை மட்டும் 31 நாள். அதற்கும் இதே தாள்கள்தானா?

இடாப்புக்காரன்:
இல்லை, ரீச்சர். அத்தனை நாளுக்கு அலகுகளைப் பட்டியலிட்டுக் கையில் கொடுத்தால் அந்தப் பட்டியலைப் பார்த்தே நின்றுவிடும். முதல் இரண்டு கிழமை ஈடுசெய்யும் தாளே வேண்டாம். அன்றைய பாடத்தைப் பின்தொடர என்ன குறைகிறதோ அதை மட்டும் பக்கத்துப் பிள்ளை காட்டட்டும். மூன்றாம் கிழமை கணிதத்தில் மட்டும் ஈருறுப்புக் கோவைகளிலிருந்து தொடங்குங்கள். சமாந்தரமாகக் கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அதிபர் மூலம் எழுத்தில் அறிவியுங்கள். கட்டாயக் கல்வி வயது 2016 முதல் 5 இலிருந்து 16 வரை. தரம் 10 பிள்ளைக்குப் பெரும்பாலும் 14, 15 வயது, இன்னும் உள்ளேதான். 16 தாண்டினால் அந்தப் பிடி இராது, எனவே பிறந்த திகதியை முதலில் பாருங்கள்.