உவர்மலை வீட்டு ஒன்பது இஞ்சி டைல்ஸ்: கிளப்புறதா, மூடுறதா?

உவர்மலையான்
அப்பாவின்ர பழைய வீடு திருகோணமலை உவர்மலையில. வெள்ளைக்கார நேவி 1957இல துறைமுகத்தை ஒப்படைச்சிட்டுப் போக முந்தியே கட்டினது. முன் ஹோல் தரை முழுக்க ஒன்பது இஞ்சிச் சதுர டைல்ஸ், கடும் கபிலம், இடையில வெள்ளைக் கீறல் ஓடும். அலுமாரியை இழுக்கேக்க மூலையில நாலைஞ்சு கழண்டிட்டுது. அடியில தார் மாதிரிக் கறுப்புப் பசை. மேசன் பாஸ் வந்து பாத்திட்டு, கிரைண்டரால உரசி எடுத்திட்டுப் புது டைல்ஸ் பதிப்பம் எண்டார். படத்தைப் பாத்த மச்சான், அது அஸ்பெஸ்டஸா இருக்கும், கை வைக்காத எண்டான். வீட்டில தவழுற பிள்ளை இருக்கு. என்ன செய்யலாம்?

உப்புவெளி மேசன்
தம்பி, திருமலையில எந்தத் தெருவில நிண்டு அண்ணாந்து பாத்தாலும் அஸ்பெஸ்டஸ் சீட் தான். அதுக்குக் கீழதான் பிறந்தம், வளந்தம். கூரையில கிடக்கிறதை விட்டிட்டு காலுக்குக் கீழ கிடக்கிறதுக்குப் பயப்பிடுறியள். நானும் கனகாலமா சீட் வெட்டுறன். நல்லாத்தான் இருக்கிறன். அரை நாள் வேலை, உரசி எடுத்துப்போட்டு விடலாம்.

லண்டன்_திருமலை
மேசன் அண்ணை, உங்கட கைத்திறமையைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. இங்க பழைய வீடுகள் திருத்துற வேலைதான் எனக்கும். இந்தக் கடும்நிற ஒன்பது இஞ்சி டைல்ஸை நிறையக் கண்டிருக்கிறன். முதல் வந்ததுகளை பிட்டுமன் எண்டுற தார் சேத்துச் செய்தவங்கள், அதால கறுப்பு, கபிலம். வினைல் டைல்ஸ் பிறகுதான் வந்தது, அதில வெளிர் நிறமும் இருக்கும். ரெண்டிலயும் வெள்ளை அஸ்பெஸ்டஸ் நார் கலந்திருக்கலாம், கறுப்புப் பசையிலயும் இருக்கலாம். கண்ணால பாத்து ஓம் இல்லை எண்டு சொல்லேலாது, ஆய்வுகூடத்தில நுணுக்குக்காட்டிக்குக் கீழ வைச்சுத்தான் சொல்லலாம். சோதிக்க வழியில்லையெண்டா இருக்கு எண்டே வைச்சு வேலை செய்யுங்கோ.

முழுசாக் கிடக்கிற டைல்ஸில நார் பிசினுக்குள்ள இறுகிக் கிடக்கும், அதுக்கு மேல நடக்கிறதால ஒண்டும் வராது. அதைத் தூளாக்கி வீடு முழுக்கப் பரப்புறது கிரைண்டர். ஆபத்தில்லாத தரையை ஆபத்தாக்குறதுக்கு அதை விட நல்ல வழி இல்லை.

உப்புவெளி மேசன்
தூசு எண்டாத் தூசுதான். சீமெந்துத் தூசு, மணல் தூசு எல்லாம் குடிச்சுத்தானே வாறம்.

சீனக்குடா சிவில்
ஐயா, சீமெந்துத் தூசும் நல்லதில்லை, அது வேற கதை. அஸ்பெஸ்டஸ் நார் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசு. நுரையீரலுக்குள்ள போனா உடம்பால கரைக்கவும் ஏலாது, முழுசா வெளியில தள்ளவும் ஏலாது. நோய் தெரிய வர 20 தொடக்கம் 40 வருசம் எடுக்கும். "நான் நல்லாத்தான் இருக்கிறன்" எண்டுறது அதாலதான் சாட்சியாகாது. வெள்ளை, நீலம், கபிலம் எண்டு எல்லா அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வு நிலையம் முதலாம் வகுப்பில போட்டிருக்கு.

இலங்கையில நீல அஸ்பெஸ்டஸை 1987இலயே தடை செய்திட்டாங்கள். வெள்ளையையும் 2018இல இருந்து கட்டுப்படுத்துவம் எண்டு அரசாங்கம் சொன்னது. 2017 டிசம்பரில ரஷ்யா எங்கட தேயிலைக்குள்ள வண்டு ஒண்டைக் கண்டுபிடிச்சு இறக்குமதியை நிப்பாட்ட, அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடும் தள்ளிப்போட்டுது. அஸ்பெஸ்டஸ் விக்கிற பெரிய நாடும் ரஷ்யாதான் எண்டதை நான் சொல்லத் தேவையில்லை.

இனி என்ர கருத்து. லண்டன் அண்ணை கிளப்பாம மேலால மூடச் சொல்லுவார், நான் ஒத்துக்கொள்ளமாட்டன். மூடிவிட்டா இந்தப் பிள்ளை வளந்து, குழாய் போட ட்ரில்லோட ஆளைக் கூப்பிடேக்க அடியில என்ன கிடக்கு எண்டு ஆருக்குத் தெரியும்? இப்பவே ஒழுங்கா எடுத்து முடியுங்கோ.

லண்டன்_திருமலை
எடுக்கேக்கதானே நார் கிளம்பும், தம்பி. எடுக்கிறதுக்கு அங்க பயிற்சி பெற்ற ஆள் வருவாரா, இல்லாட்டி ஒரு பெடியனை வெறும் மேலோட இறக்குவியளா? மூடிப்போட்டு, எந்த அறையில என்ன கிடக்கு எண்டு எழுதி, படம் எடுத்து, காணி உறுதியோட வையுங்கோ. ட்ரில்காரனுக்கு அது காணும்.

சீனக்குடா சிவில்
உறுதியை ஆர் வாசிக்கிறது அண்ணை? வங்கியில கடன் எடுக்கேக்க மட்டும்தான். இன்னொண்டு, உங்கட குளிர் நாட்டுக் கணக்கு இங்க சரிவராது. கடலுக்குக் கிட்ட, நிலத்தால ஈரம் ஏறும், பழைய பசை விட்டுப்போகும். கழண்ட டைல்ஸுக்கு மேல எதைப் பதிச்சாலும் அதுவும் சேந்து கழரும். தட்டிப்பாருங்கோ, வெறுமையாச் சத்தம் கேட்டா மூடுறது வீண் காசு.

லண்டன்_திருமலை
அந்த ஈரக் கதை நியாயம்தான். கழண்டதுகளை எடுக்கத்தான் வேணும். அப்பிடியெண்டா ஃபேனை நிப்பாட்டி, பிள்ளையை வேற வீட்டுக்கு அனுப்பி, மற்ற அறைக் கதவுகளை பொலித்தீனால ஒட்டி மூடுங்கோ. தண்ணியில கொஞ்சம் பாத்திரம் கழுவுற திரவம் கலந்து தெளிச்சு நனைச்சு, தட்டைக் கரண்டியால முழுசு முழுசா நெம்புங்கோ, உடைக்க வேண்டாம். கொரோனா நேரத்து நீல மாஸ்க் இதுக்கு உதவாது, நுண்தூசை வடிக்கிற FFP3 தர மாஸ்க், முகத்தோட ஒட்டினதா வேணும். தும்புத்தடியால கூட்டவே கூடாது, ஈரத்துணியால துடைச்சு அந்தத் துணியையும் டைல்ஸோட ரெண்டு பொலித்தீன் பைக்குள்ள கட்டுங்கோ. கறுப்புப் பசையைச் சுரண்டாம அப்பிடியே விடுங்கோ.

ஆலங்கேணி அக்கா
குறுக்க கேக்கிறன், மன்னியுங்கோ. எங்கட வீட்டுக்காரர் முந்தி சீட் வெட்டிக் கூரை போடுற வேலைக்குப் போனவர். உடுப்பை முத்தத்தில உதறித்தான் தோய்ப்பன். உடைஞ்ச சீட்டுத் துண்டைப் படலையடிப் பள்ளத்துக்கும் போட்டு நிரவினாங்கள், இப்ப அதுக்கு மேலாலதான் ஆட்டோ ஓடுது. பயப்பிட வேணுமோ?

சீனக்குடா சிவில்
அக்கா, பயந்து ஒண்டும் ஆகப்போறதில்லை. அப்பிடி உடுப்புத் தோய்ச்சு நோய் வந்த பெண்கள் இருக்கினம், ஆனா அது எல்லாருக்கும் வாறதில்லை. ரெண்டு பேரும் வைத்தியரைக் காணேக்க இந்த வேலைக் கதையை மறக்காமச் சொல்லுங்கோ. அவர் புகைக்கிறவரெண்டா நிப்பாட்டச் சொல்லுங்கோ, புகையும் அஸ்பெஸ்டஸும் சேந்தா நுரையீரல் புற்றுநோய் ஆபத்துப் பல மடங்கு. படலையடியில சில்லு ஏற ஏற அந்தத் துண்டு அரைபடும். நனைச்சுவிட்டு அதுக்கு மேல நல்ல தடிப்பாக் கிரவலோ கொங்கிறீட்டோ போடுங்கோ, கிண்ட வேண்டாம்.

உப்புவெளி மேசன்
அக்காவின்ர கதையைக் கேட்டாப்பிறகு ஒண்டும் சொல்ல வரேல்லை. சரி, கிரைண்டர் வேண்டாம். ஆனா நனைச்சு நனைச்சு எடுக்கிறதெண்டா நாள் கூலி, அரை நாள் கணக்கு வராது. தார்ப் பசைக்கு மேல சீமெந்து பிடிக்காது, அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்.

சீனக்குடா சிவில்
அது சரி ஐயா. அதுக்குத்தான் பொலித்தீன் விரிச்சு, மேல ரெண்டு இஞ்சிக்குக் குறையாமச் சீமெந்துப் படை போடவேணும். கீழ ஒட்டத் தேவையில்லை. அதுக்கு மேல புது டைல்ஸ்.

உவர்மலையான்
தட்டிப் பாத்தன். குளியலறைப் பக்கச் சுவரோரம் மட்டும் வெறுஞ்சத்தம், மிச்சம் இறுக்கம். அந்த ஓரத்தை நனைச்சு எடுத்திட்டு, முழு ஹோலுக்கும் பொலித்தீன் போட்டு மூடப்போறன். வீட்டுக்காரிக்குப் பளபளா டைல்ஸ்தான் வேணுமாம். எடுத்ததை எங்க போடுறதெண்டு நகராட்சி அலுவலகத்தில முதலே கேக்கிறன், கடற்கரையில கொண்டுபோய்க் கொட்டமாட்டன். பாஸ், தரை ரெண்டரை இஞ்சி உயந்தா கதவு திறபடுமோ?

உப்புவெளி மேசன்
திறபடாது. அடியால அறுக்கவேணும். பழைய தேக்குக் கதவெண்டா அதில நான் கை வைக்கமாட்டன், தச்சு பாஸைப் பிடியுங்கோ.