பிக்கிபேக் மருந்துக்குத் தமிழில் என்ன பெயர்? வெள்ளிக்குள் வேண்டும்

செவிலியர் பயிற்றுநர், திருநெல்வேலி:

குழுவினருக்கு வணக்கம். முதலாண்டு நர்சிங் டிப்ளமோ மாணவியருக்கு இரண்டு பக்கத்தில் தமிழ்க் குறிப்பு ஒன்று எழுதியிருக்கிறேன். பாதிப் பேர் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தவர்கள். தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறார்கள். ஆனாலும் வார்டில் கண்முன் நடப்பது முதலில் தமிழில் விளங்கிவிட்டால் பிறகு எதுவும் மறக்காது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தலைப்புதான் உதைக்கிறது: ஐ.வி. பிக்கிபேக். (ஐ.வி. என்றால் சிரைக்குள் குழாய் வழியாக ஏற்றுவது.)

வார்டு பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளிக்குப் பெரிய பை ஒன்று, 500 மில்லி சலைன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஆன்டிபயாடிக் கொடுக்கும் நேரம் வருகிறது. அதை 50 அல்லது 100 மில்லிச் சின்னப் பையில் கலந்து, அதற்கென்று உள்ள குழாய் வழியாகப் பெரிய குழாயின் மேல்பகுதியில் இருக்கும் ஒய் இணைப்பில் சேர்க்கிறோம். பெரிய பையைக் கொக்கி போட்டுத் தாழ்த்திவிடுகிறோம். சின்னப் பை உயரத்தில் இருப்பதால் அந்தப் பக்கம் அழுத்தம் கூடுகிறது, பெரிய குழாயில் உள்ள ஒருவழி வால்வு மூடிக்கொள்கிறது. பெரிய பையின் சொட்டறையை அப்போது பார்த்தால் சொட்டு நின்றிருக்கும். சின்னப் பை காலியாகி, அதன் குழாயில் மருந்து பெரிய பையின் மட்டத்துக்கு இறங்கியதும், யாரும் கை வைக்காமலே பெரிய பை மறுபடி சொட்டத் தொடங்கும்.

தற்காலிகமாக 'இணைச்சொட்டு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

அம்மா, நல்ல முயற்சி. 'இணை' பெயராக நின்றால் 'இணைச்சொட்டு' என்று ஒற்று மிகும். இணைகின்ற சொட்டு என்ற பொருளில் வினைத்தொகையாக்கினால் 'இணைசொட்டு', ஒற்று மிகாது. எந்தப் பொருள் வேண்டும் என்று முதலில் தீர்மானியுங்கள். இரண்டையும் கலந்து எழுதிவிட்டு அச்சுப்பிழை என்று சொல்லிவிடக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

ஐயா, ஒற்றைப் பிறகு பார்க்கலாம். சொட்டு என்ற சொல்லே வேண்டாம் என்பது என் கட்சி. 'சொட்டு மருந்து' என்றால் தமிழ்நாட்டில் எந்தத் தாய்க்கும் போலியோ முகாம்தான் நினைவுக்கு வரும். அது வாயில் விடுவது, இது இரத்தத்தில் போவது. குறிப்பின் தலைப்பிலேயே குழப்பம் எதற்கு?

ஆங்கிலச் சொல்லில் பன்றி இருப்பது போலத் தெரிகிறதே என்று யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். பழைய வடிவம் 'பிக்-பேக்', முதுகில் சுமை தூக்குவது. பன்றி பிற்காலத்தில் நாக்குப் புரண்டு வந்து ஒட்டிக்கொண்டது. நம்மிடம் இதற்கு அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: உப்புமூட்டை. பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு தெருவில் ஓடாத தமிழன் உண்டா? 'உப்புமூட்டை மருந்து' என்று வையுங்கள். ஒரு மாணவி மறக்க மாட்டாள்.

செவிலியர் பயிற்றுநர், திருநெல்வேலி:

சார், படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சிரித்தோம். அழகான சொல்தான், ஆனால் வார்டில் செல்லாது. பெரிய பையில் இருப்பதே உப்புத் தண்ணீர். இரத்தக் கொதிப்பு உள்ள பெரியவரிடம் போய் 'தாத்தா, உங்களுக்கு உப்புமூட்டை ஏற்றப் போகிறோம்' என்றால் கையை இழுத்துக்கொள்வார்.

தாதிய உத்தியோகத்தர், யாழ்ப்பாணம்:

வணக்கம். ஒற்று மிகுமா மிகாதா என்பதைவிட முக்கியமான ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. 'இணை' என்ற சொல்லே இங்கு பிழை. இணை என்றால் இரண்டும் சேர்ந்து, ஒரே நேரத்தில் என்றுதான் புதிதாக வரும் பிள்ளை விளங்கிக்கொள்வாள். இரண்டு பையையும் ஒரே உயரத்தில் தூக்கி, கீழ் இணைப்பில் சேர்த்து, இரண்டையும் ஒன்றாக ஓட விடும் முறை வேறாக இருக்கிறது. பாடநூல்களில் அதற்குத் தனிப் பெயர், டான்டம். பிக்கிபேக்கில் ஒன்று ஓடும்போது மற்றது நிற்க வேண்டும். நீங்கள் வைக்கும் பெயர் அதைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, மறுத்துச் சொல்லக் கூடாது.

இணை என்று படித்த பிள்ளை இரண்டு பையையும் ஒரே மட்டத்தில் தூக்கிவிட்டுப் போவாள். பெரிய பை நிற்காது. மருந்து எந்த வேகத்தில் போகிறது என்பதற்குக் கணக்கே இருக்காது. வால்வு இல்லாத செட் (பையிலிருந்து நோயாளிக்குப் போகும் குழாய்த் தொகுதி) என்றால் இன்னொரு தொல்லை. சின்னப் பை உயரத்தில் இருந்தாலும் மருந்து எதிர்த்திசையில் ஏறிப் பெரிய பைக்குள் போய்விடும். அப்படியான செட்டில் பெரிய குழாயின் ரோலரை, அதாவது ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளைத் திருகியை, கையால் மூட வேண்டும், முடிந்ததும் மறக்காமல் திறக்க வேண்டும்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

அம்மையார் சொன்னதை ஏற்கிறேன், இணை போகட்டும். ஆனால் ஐ.வி. என்பதை அப்படியே விட்டுவிட்டு வாலுக்கு மட்டும் தமிழ் தேடுவது எனக்கு ஒப்பவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமனி, சிரை என்கின்றன, இரண்டும் வடசொல். ஈழத்தில் நாடி, நாளம் என்கிறார்கள். இங்கே நாளம் என்றால் பொதுவாக இரத்தக் குழாய். ஒரே மொழிக்குள் ஒரே உறுப்புக்கு இத்தனை பெயர்.

நோயாளியோ இவை எதையும் சொல்வதில்லை. 'நரம்புல ஊசி போட்டாங்க' என்கிறார். நாம் உடனே நரம்பு வேறு, சிரை வேறு என்று திருத்தப் போகிறோம். புறநானூறு 278-ஐ எடுத்துப் பாருங்கள். மகன் போரில் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்ட முதியவளை 'நரம்பெழுந்து உலறிய' தோளினள் என்கிறார் காக்கைபாடினியார். வற்றிய தோளில் தோலுக்கு அடியில் புடைத்துத் தெரிவது எது? உங்கள் சிரைதானே. யாழின் தந்தியும் நரம்புதான், இலையில் ஓடுவதும் நரம்புதான். நோயாளி சொல்வதில் பிழை இல்லை, பாடநூல்தான் பின்னால் வந்து சொல்லைக் குறுக்கியது. 'நரம்பேற்றம்' என்று துணிந்து வைக்கலாம்.

மருந்தாளுநர், கோயம்புத்தூர்:

ஐயா, இலக்கியம் சரி. உயிரியலில் நரம்பு வேறொன்றுக்கு உறுதியாகிவிட்டது. ஒரே தேர்வில் இரண்டு பொருளில் எழுதினால் பிள்ளைக்கு மதிப்பெண் போகும்.

குறிப்பில் பொருத்தம் பற்றி ஒரு பத்தி இருக்கிறதா? பெரிய பையில் என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் சின்னப் பையை மாட்டக் கூடாது. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை ரிங்கர் லாக்டேட் என்ற திரவம் ஓடும் குழாயில் சேர்த்தால் அதிலுள்ள கால்சியத்தோடு கூடி வீழ்படிவாகும். பச்சிளங்குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினை டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரைத் திரவத்தில்) கலந்தால் குழாய்க்குள்ளேயே படிகம் தெரியும், அதற்குச் சாதாரண சலைன்தான். இரத்தம் ஏறும் குழாயில் எந்த மருந்தையும் சேர்ப்பதில்லை. வேகமும் அப்படித்தான். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 1 கிராம் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுக்கும். பெயர் எதுவானாலும் போடுங்கள், இந்தப் பத்தியை எடுத்துவிடாதீர்கள்.

செவிலியர் பயிற்றுநர், திருநெல்வேலி:

இருக்கிறது சார். சொட்டுக் கணக்கும் இருக்கிறது: 100 மில்லியை 30 நிமிடத்தில் கொடுக்க வேண்டும், செட் மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு 67 சொட்டு.

பம்ப் (திரவம் ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வைத்திருக்கும் வார்டுக்காகத் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சின்னப் பையின் இணைப்பு பம்புக்கு மேலே இருக்க வேண்டும். கீழே சேர்த்தால் பம்பின் கட்டுப்பாட்டுக்கு வெளியே மருந்து தன்பாட்டில் ஓடும். அடிக்கடி நடக்கும் தவறு இதைவிடச் சின்னது. சின்னப் பையின் ரோலரைத் திறக்க மறந்துவிடுவார்கள். பம்ப் அலாரம் அடிக்காது. மருந்துக்கு வைத்த வேகத்தில் பெரிய பையிலிருந்து சலைனை இழுத்துக்கொண்டே இருக்கும், திரையில் மருந்து முடிந்தது என்று வரும், சின்னப் பை நிறைந்தபடி தொங்கும். அதனால்தான் மாட்டியவுடன் நகராமல் நின்று, எந்தச் சொட்டறையில் சொட்டு விழுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.

சரி, பெயர்?

மென்பொருளாளர், பெங்களூரு:

கணினி வலையமைப்புப் பாடத்திலும் பிக்கிபேக்கிங் உண்டு. தரவு போகும் பொட்டலத்திலேயே 'கிடைத்தது' என்ற ஒப்புதலையும் ஏற்றி அனுப்புவது. இரு துறைக்கும் பொதுவாக 'தொற்றேற்றம்' என்று வைத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

தாதிய உத்தியோகத்தர், யாழ்ப்பாணம்:

தம்பி, ஆஸ்பத்திரியில் வைத்துத் 'தொற்று' என்ற சொல்லோடு விளையாட வேண்டாம். தொற்றேற்றம் என்றால் கிருமி ஏற்றுவது போல இருக்கிறது. இணைப்பு முனையை ஆல்கஹால் பஞ்சால் நன்றாகத் தேய்த்து, காய விட்டு, பிறகு மாட்டு என்று நாங்கள் தொண்டை வறளச் சொல்வதே தொற்று ஏறாமல் இருக்கத்தான்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

'தொற்றேற்றம்' இந்த ஆண்டின் சிறந்த கலைச்சொல் என்று முன்மொழிகிறேன்.

இனி உருப்படியாக. நிற்பது, நடுவில் வேறொன்று போவது, பிறகு பழையது தொடர்வது. இதைச் சொல்ல 'இடை' போதுமே. இடையேற்றம்?

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

இடை என்றதும் இடைச்செருகல் நினைவுக்கு வருகிறது. கம்பராமாயணத்தில் வெள்ளிப் பாடல்கள் என்று ஒதுக்கினார்களே, வெள்ளியம்பலத் தம்பிரான் தலையில் கட்டி. ஓடிக்கொண்டிருக்கும் மூலத்துக்குள் பிறர் புகுத்தியது. அங்கே அது குற்றம், இங்கே அதுவே மருத்துவம்! சொல்லாக்கம் பழுதில்லை. 'இடையேற்று மருந்து' என்றால் வினைத்தொகை போலவும் நிற்கும், நாவிலும் தடுக்காது. எனினும் என் வாக்கு நரம்பேற்றத்துக்கே என்று பதிவு செய்துகொள்ளுங்கள்.

மருந்தாளுநர், கோயம்புத்தூர்:

இடையேற்றத்துக்கு என் ஆதரவு, ஒரு குறையோடு. சின்னப் பை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அதில் இல்லை. 'மேற்பை மருந்து' என்றால் அந்த ஒரு சொல்லிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

மேற்பை என்றால் கைப்பைக்கு அக்கா போல இருக்கிறது. எல்லாப் பாடத்தையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்றினால் அது சொல்லாக இருக்காது. தவிர, நம் வார்டுகளில் புழங்கும் பெயர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே: 'சின்ன பாட்டில்'. மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் 100 மில்லி பாட்டிலிலேயே வருகிறது. பாரசிட்டமால் 1 கிராமும் அப்படித்தான். 'சிஸ்டர், சின்ன பாட்டில் முடிஞ்சிருச்சு' என்று கூப்பிடாத அட்டெண்டர் உண்டா?

செவிலியர் பயிற்றுநர், திருநெல்வேலி:

உண்மைதான் சார், ஆனால் அங்கேதான் சிக்கல். சின்ன பாட்டில் என்பது பொருளின் பெயர். அதைப் பெரிய பாட்டிலைக் கழற்றிவிட்டு அதே செட்டில் குத்தினாலும் சின்ன பாட்டில்தான், முறைப்படி மேல் இணைப்பில் மாட்டினாலும் சின்ன பாட்டில்தான். ஒவ்வொரு முறை கழற்றிக் குத்தும்போதும் கிருமி நுழைய ஒரு வாசல். எனக்குப் பெயர் வேண்டியது முறைக்கு.

நாளை காலை அச்சகம். இதுவரை இடையேற்றத்துக்கு மூன்று பேர், நானும் சேர்ந்தால் நான்கு. தலைப்பில் 'இடையேற்று மருந்து: பிக்கிபேக்' என்று இரண்டையும் போடுகிறேன். உள்ளே படத்துக்குக் கீழே 'சின்னப் பை மேலே, பெரிய பை கீழே' என்று கொட்டை எழுத்தில்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

மூன்றில் என்னைச் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள். சொல்லாக்கம் பழுதில்லை என்றேனே ஒழிய வாக்களிக்கவில்லை.

தாதிய உத்தியோகத்தர், யாழ்ப்பாணம்:

அப்ப ஐயாவைக் கழித்துவிட்டு என்னைச் சேருங்கள், கணக்குச் சரி. அச்சுக்குப் போக முன்னம் ஒன்று. சின்னப் பை காலியானாலும் அதன் குழாயில் மருந்து மிச்சம் நிற்கும். 50 மில்லிப் பையில் 10 மில்லி தங்கினாலே ஐந்தில் ஒரு பங்கு உள்ளே போகவில்லை. பெரிய பையின் திரவத்தால் அதைத் தள்ளிவிடச் சொல்லி எழுதியிருக்கிறீர்களா? ஃப்ளஷ் என்பதற்கு என்ன போட்டீர்கள்?

செவிலியர் பயிற்றுநர், திருநெல்வேலி:

'அலசுதல்'.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

அலசுவது துணியை. இதற்குப் புதிய இழை தொடங்குகிறேன்.