ஆலிஸ் தடயங்கள்: ஊட்டி, குன்னூர், கோத்தகிரி நண்பர்கள் உதவி தேவை

வணக்கம். குன்னூரில் பிள்ளைகள் வாசிப்பு வட்டத்துக்காக, லூயிஸ் கரோல் எழுதிய ‘அற்புத உலகில் ஆலிஸ்’ முதலான ஆலிஸ் கதைகள் இன்று எங்கெல்லாம் எட்டிப் பார்க்கின்றன என்று ஒரு சுவர்த் தொகுப்பு தயாராகிறது. கஃபே சுவர், கடைப் பலகை, டீ-ஷர்ட், விளம்பரம், எதில் கண்டாலும் படம் எடுத்து அனுப்புங்கள்.

கதையில் வரும் வெள்ளை முயல் என்றால், வெறும் முயல் போதாது. கையில் பாக்கெட் கடிகாரம் இருக்க வேண்டும். தொப்பிக்காரர் தென்பட்டால் தொப்பியில் செருகிய சீட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். 10/6 என்று இருந்தால், புத்தகத்துக்குப் படம் வரைந்த டென்னியலின் மூல ஓவியத்தின் வழி வந்தது. பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ், தொப்பியின் விலை. ஆலிஸின் நீலக் கவுன் பெரும்பாலும் 1951 டிஸ்னி படத்தின் வழி வந்தது. 1890 வண்ணப் பதிப்பில் கவுன் மஞ்சள்!

அதிகம் தடுமாறுவது ராணிகளில்தான். சுற்றிலும் சீட்டுக்கட்டு இருந்தால் ஆட்டின் (ஹார்ட்ஸ்) ராணி, 1865இல் வந்த முதல் புத்தகம். சதுரங்கக் கட்டம் இருந்தால் சிவப்பு ராணி, 1871இல் வந்த இரண்டாம் புத்தகம். 2010இல் வந்த ஆலிஸ் படம் இருவரையும் ஒருவராக்கிவிட்டதால் பலரும் குழம்புகிறார்கள். எந்த ராணி என்று தெரியாவிட்டால் பின்னணியோடு எடுத்து அனுப்புங்கள், போதும்.

தள்ளி நின்று ஒரு படம், எழுத்து தெரியக் கிட்டத்தில் ஒரு படம். மூடுபனியில் ஃபிளாஷ் வேண்டாம், துளிகளில் பட்டு படம் வெளுத்துவிடும்.

இன்னொன்று: மேட்ரிக்ஸ் படத்தைத் தமிழில் பார்த்தவர்கள் யாராவது உண்டா? வெள்ளை முயலைப் பின்தொடரச் சொல்லும் அந்த வரி தமிழில் எப்படி வருகிறது?